அமைதிக் கூட்டத்துக்கு ‘அனுமதி இல்லை’ என்று ஒற்றை வரி பதில் வந்தால்

வணக்கம். நாற்பது பேர் மெழுகுவத்தியுடன் ஒரு மணி நேரம் நிற்கப்போவதாக அதிகாரிகளிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்தீர்கள். “போக்குவரத்துக்கு இடையூறு, அனுமதி இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்ததாம். இனி வழி உண்டா என்கிறீர்கள். உண்டு, மனம் தளராதீர்கள்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் உங்கள் நாடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் 21-வது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைக் காக்கிறது. அதை விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட 37-ஆம் பொதுக் கருத்துரைதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அதன்படி, தகவல் சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு; உங்கள் கடிதம் தகவல் சொன்னதுதான். போக்குவரத்து கொஞ்சம் தடைபடுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தடுப்பது ஏன் அவசியம் என்று காட்டும் பொறுப்பு அதிகாரிகளுடையது, உங்களுடையது அல்ல.

அப்புறம், இன்றே எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நீதிமன்றம் போனால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நடைபாதையில் நிற்கிறோம், ஒழுங்குபடுத்த நாலு பேரை நிறுத்துகிறோம் என்று நீங்களே முன்வந்து சொல்லலாம். ஆனால் ஊருக்கு வெளியே திடலைக் காட்டினால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். யாரிடம் பேச வந்தீர்களோ அவர்கள் பார்க்கவும் கேட்கவும் முடிகிற தூரத்தில் நிற்பதும் உரிமைதான்.

உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கைதுகூட நடக்கலாம். அதனால் கூடுவதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் பேசிவிடுங்கள்.