எழினி ஆண் பெயர்தான்
மகனுக்கு 'எழினி' என்று வைக்க ஆசை, ஆனால் பெண் பெயர் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தயங்கவே வேண்டாம். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயரே பொகுட்டெழினி. புறநானூறு 96, 102, 392 மூன்றிலும் ஔவையார் பாடுவது அவனைத்தான். பாரி, கிள்ளி, வழுதி என்று 'இ'யில் முடியும் ஆண் பெயர்கள் சங்க காலத்தில் சகஜம். எழினிக்குத் திரைச்சீலை என்றும் பொருள் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்று வகை எழினி வரும்.

இன்று பெண் குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள் என்பது உண்மை. உறுத்தினால் 'அதியன் எழினி' என்று வையுங்கள், கம்பீரமாக இருக்கும்.

மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு 'இசட் எச்'சா, 'எல்'லா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றானால் திருத்த அலைய வேண்டியிருக்கும்.