ஜவ்வு வறண்டுவிட்டால் முதுகு பாரம் தாங்காதா?

கேள்வி: எனக்கு வயது 58. இடுப்பு வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு நீர்வற்றி, உயரம் குறைந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இனி நான் பாரம் தூக்கவே கூடாதா? காலையில் குனிவது மட்டும் ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

பதில்: தூக்கலாம், ஆனால் தூக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் காரணம் ஜவ்வின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் கூழ், அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்குகள் கொண்ட நார்வளையம், இவ்வளவுதான் ஜவ்வு. இளமையில் கூழின் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் நீர்தான். எதிர்மின்னூட்டம் கொண்ட புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகள் அந்த நீரைப் பிடித்து வைக்கின்றன. மேலிருந்து சுமை இறங்கும்போது இந்த நீர்க்கூழ் அதை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிவிடுவதால், வளையத்தின் நார்கள் நசுங்காமல் இழுபட்டு நின்று தாங்குகின்றன. இளம் ஜவ்வைக் குறுக்கே வெட்டினால் கூழ் பளபளவென்று மேலே பிதுங்கி எழும். முதிர்ந்த ஜவ்விலோ பழுப்பேறிய நார்த்திரளாகவே அது தென்படும், கூழ் எங்கே முடிகிறது, வளையம் எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாகத் தெரியாது.

ஜவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை, மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தகடுகளின் வழியே கசிந்து வருவதே அதற்கு உணவு. அதனால் சிதைந்த மூலக்கூறுகளை அது எளிதில் ஈடுசெய்ய முடிவதில்லை. நீர் குறையக் குறைய உள்ளழுத்தம் தளர்கிறது, அதுவரை கூழ் சுமந்த பாரம் வளையத்தின் மீது, குறிப்பாக அதன் பின்பகுதியில், குவிகிறது. உயரம் குறைந்ததும் முதுகெலும்பின் பின்மூட்டுகளும் தம் பங்குக்கு மேல் சுமக்கின்றன. வலியே இல்லாத முதியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் எம்.ஆர்.ஐ.யில் இதே மாற்றங்கள் தெரியும் என்பதால், அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

1999இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர் ஒருவரின் ஜவ்வுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிமிர்ந்து நின்றபோது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3 ஆக உயர்ந்தது. அதே எடையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1 மட்டுமே. ஆகவே பாரத்தை உடலை ஒட்டிப் பிடியுங்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள், தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீர்கள்.

இரவில் படுத்திருக்கையில் சுமை நீங்குவதால் ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. உங்கள் ஜவ்வில் இந்த ஊறல் முன்பைவிடக் குறைவுதான் என்றாலும், காலையில் எழுந்ததும் குனிந்தால் விறைத்த வளையம் கூடுதலாக இழுபடும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதைத் தவிர்த்து, சற்று நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கால் மரத்துப்போதல், பாதம் தொய்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.