நான்கு இயல் முடிந்தது. பட்டத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். தமிழ் இலக்கியத்தில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வுக்கு 2023 ஜனவரியில் பதிவு செய்தேன். ஐந்து இயல்களில் நான்கு முடிந்துவிட்டன. கட்டுரை வெளியிடுவது இப்போது கட்டாயமில்லை என்கிறார் தோழி. பல்கலைக்கழகத்திலோ இரண்டு கட்டுரை கேட்கிறார்கள். நடுவில் மகப்பேறு விடுப்பு வேறு. நெறியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பதிவு ரத்தாகிவிடுமோ?

பதில்: ரத்தாகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைதான் உங்களுக்குப் பொருந்தும். அதன்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆகப் பத்து ஆண்டு வரை இடமிருக்கிறது. முழு ஆய்வுக் காலத்திலும் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரவும் வழியுண்டு. ஆனால் பள்ளியில் விடுப்பு எடுத்தது பல்கலைக்கழகத்துக்குத் தானாகத் தெரியாது. அங்கே தனியாக விண்ணப்பித்து ஆணை வாங்கினீர்களா என்று பாருங்கள்.

கட்டுரை விஷயத்தில் தோழி சொல்வதும் சரி, அலுவலகம் கேட்பதும் சரி. 2016 விதிமுறையில் ஒரு கட்டுரை வெளியீடும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயமாக இருந்தன. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். எனினும் மானியக் குழு வகுப்பது குறைந்தபட்ச அளவுதான். பல்கலைக்கழகம் அதற்கு மேல் கேட்கலாம், பலவும் கேட்கின்றன. நீங்கள் பதிவு செய்தபோது நடப்பில் இருந்த பல்கலைக்கழக ஒழுங்குமுறைக் கையேட்டை வாங்கிப் படியுங்கள். பகுதி நேரத்துக்குக் கூடுதல் குறைந்தபட்சக் காலம் இருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். கட்டுரைக்காகப் பணம் கட்டி நாலு நாளில் அச்சேற்றும் இதழ்களிடம் மட்டும் போகாதீர்கள். மானியக் குழு தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த தன் 'கேர்' பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், நல்ல இதழ் எது என்று நெறியாளரோடு உட்கார்ந்து நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் நெறியாளரின் ஓய்வுதான். ஓய்வு பெறும் நாள் வரை அவர் நெறியாளர். அதன்பின் இணை நெறியாளராகத்தான் தொடரலாம், அதுவும் எழுபது வயது வரை. அதாவது பணியில் இருக்கும் வேறொருவர் உங்களை ஏற்க வேண்டும். விண்ணப்பம், ஒப்புதல், ஆணை என்று மாதங்கள் ஓடும்; புதியவர் வந்து மூன்றாம் இயலின் அமைப்பே சரியில்லை என்றாலும் சொல்வதற்கில்லை. ஐந்தாம் இயலை எழுதிக்கொண்டே ஆய்வுச் சுருக்கத்தையும் தயாரித்து, அவர் பணியில் இருக்கும்போதே கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஆய்வுக் குழுவின் முன் நடக்கும் முன்சமர்ப்பிப்பு உரையையும் அதற்குள் முடிக்க முடிந்தால் நிம்மதி.

கூடவே கோப்பைத் திறந்து பாருங்கள். பாடநெறித் தேர்வில் 55 விழுக்காடு பெற்ற மதிப்பெண் பட்டியல், பள்ளிக் கல்வித் துறையின் தடையின்மைச் சான்று, ஒவ்வொரு பருவத்தின் முன்னேற்ற அறிக்கை எல்லாம் இருக்கிறதா? என்னிடம் ஆய்வு செய்த ஒருவர் ஆய்வேட்டை பைண்டிங் செய்து கொண்டுவந்த பிறகு, ஒரே ஒரு பருவ அறிக்கை இல்லாமல் இரண்டு மாதம் அலைந்தார்.

அடுத்து, கருத்துத் திருட்டுச் சோதனை. மானியக் குழுவின் 2018 விதிப்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி, பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. பத்தைத் தாண்டி நாற்பது வரை போனால் திருத்திக் கொடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே போய்விடும். தமிழ் ஆய்வாளர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால், கணினி அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் படிக்கும். அப்படிப்பட்ட கோப்பில் வரும் ஒப்புமை விழுக்காட்டுக்குப் பொருளே இல்லை. தட்டச்சு நிலையத்தில் கொடுத்திருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றச் சொல்லி, மாறிய கோப்பை வரிவரியாகப் படியுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். சங்கப் பாடல் மேற்கோள்களை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பாடல் எண்ணோடு தாருங்கள். மூலம் சுட்டிய மேற்கோள் கணக்கில் சேராது.

சமர்ப்பித்தபின், வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். ஒருவர் மறுத்தால் மாற்றுத் தேர்வாளருக்கு அனுப்புவார்கள். அவரும் மறுத்தால்தான் நிராகரிப்பு. ஆறு மாதத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அறிக்கை வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வாய்மொழித் தேர்வை இணையவழியிலும் நடத்தலாம்.

தேர்வு முடிந்ததும் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். மானியக் குழுவின் விதிமுறைப்படி வழங்கப்படுகிறது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். அந்த வரியைப் படித்துப் பார்த்த பிறகே கவுன்டரை விட்டு நகருங்கள்.