882 தடவை நின்ற துப்பாக்கி

அன்புள்ள சார்,

வியட்நாம் பற்றிய கட்டுரையில் எம்16 துப்பாக்கிகள் சுடும்போதே நின்றுபோனதைச் சொல்லியிருந்தீர்கள். என் மாமா ராணுவத்தில் இருந்தவர். "ஏகே-யைச் சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும், அமெரிக்கத் துப்பாக்கி சாமி சிலை மாதிரி, துடைத்துக்கொண்டே இருக்கணும்" என்பார். 2007-ல் நடந்த தூசிச் சோதனையில், எம்16-ன் குட்டை வடிவமான எம்4 882 தடவை நின்றதாம், அமெரிக்க ராணுவம் சோதித்துப் பார்த்த எக்ஸ்எம்8 என்ற புது ரகம் 127 தடவைதானாம். அப்படியென்றால் எம்4 குப்பைதானா? குறி பிசகாத துப்பாக்கி, நம்பகமான துப்பாக்கி, இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா?

ராஜேஷ்

அன்புள்ள ராஜேஷ்,

மாமா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காக அந்த 882-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மேரிலாந்தில் உள்ள அபர்டீன் சோதனைக் களத்தில் நான்கு வகைத் துப்பாக்கிகள், வகைக்கு 10. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டா. அரை மணி நேரம் தூசி அறையில் வைப்பார்கள், எடுத்து 120 தோட்டா சுடுவார்கள், திரும்பத் தூசி. வகைக்கு 60,000 தோட்டா ஆகிறது. மற்ற இரண்டு வகைகளான எஃப்என் ஸ்கார் 226 தடவையும் எச்கே416 233 தடவையும் நின்றன. எம்4 ஏறத்தாழ 68 தோட்டாவுக்கு ஒருமுறை நின்றது. ஒரு சிப்பாய் சுமக்கும் ஏழு மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி), 210 தோட்டா என்று வைத்தால் மூன்று தடவை. எதிரே ஆள் இருக்கும்போது மூன்று தடவை என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே 2007-ன் கோடையில் இதே போன்ற தூசிச் சோதனையில் எம்4 நின்றது சுமார் 300 தடவை. சில மாதங்களில் 882. சோதனைச் சூழல் மாறியதுதான் காரணம் என்றது ராணுவம். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு எண் வருகிறது என்றால், அந்த எண் துப்பாக்கியுடையது மட்டும் இல்லை. அப்புறம், அந்த 882-ல் 239 மேகசினால் வந்தவை. மேகசின் என்பது ஒரு மெல்லிய அலுமினியப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங். வாய் கொஞ்சம் நெளிந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். பழி என்னவோ துப்பாக்கிக்கு.

வியட்நாமில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்கப் பொறியாளர் யூஜின் ஸ்டோனர் ஒருவகை வெடிமருந்தை வைத்து எம்16-ஐ வடிவமைத்தார், ராணுவம் வேறு மருந்துக்கு மாறியது. சுடும் வேகம் கூடியது, உள்ளே கரி படிந்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. அந்த ஈரத்தில் அது அரித்துப்போய், சுட்ட தோட்டாவின் வெற்று உறை உள்ளேயே ஒட்டிக்கொண்டது. குழலின் முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். அந்தக் கம்பியும் எல்லோரிடமும் இல்லை. "இதைத் துடைக்கவே வேண்டாம்" என்று வேறு சொல்லியிருந்தார்கள்! 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து ராணுவத்தைக் கிழித்தது. குரோமியமும் துடைக்கும் சாமான்களும் வந்தபின் பிரச்சினை பெருமளவு அடங்கியது. துப்பாக்கியின் அடிப்படை அமைப்பு இன்றுவரை அதேதான். (எம்16, எம்4 இரண்டும் உள்ளமைப்பில் அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஏஆர்-15-ன் உறவு.)

குறிக்கு வருகிறேன். ஏகே-யில் கனமான பிஸ்டனும், போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகம்) தாங்கும் பாகமும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் பாய்கின்றன. அழுக்கைத் தள்ளிக்கொண்டு ஓடுவது அந்தக் கனத்தால்தான், துப்பாக்கியைக் குலுக்குவதும் அதுதான். எம்16, எம்4 போன்ற ஏஆர் ரகத்தில் வாயுவே நேராகப் பின்னால் வந்து வேலை செய்கிறது, குலுக்கல் குறைவு. நல்ல குழலும் நல்ல தோட்டாவும் அமைந்தால் 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டுகளை அடக்கும். சாதாரண ஏகே அதைப்போல மூன்று நான்கு மடங்கு விரியும். 300 மீட்டரில் அது ஒரு முழத்துக்குள், ஒரு ஆளின் மார்பகலம். ஏகே உருவான வேலைக்கு அது போதும், அதற்கு மேல் தூரம் என்றால் போதாது.

குறியைக் காகிதத்தில் அளக்கலாம் என்பதாலேயே அதில் ஏமாறவும் செய்யலாம். கல்லூரியில் என்சிசி முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டேன். மூன்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டு எங்கோ. அந்த மூன்றைக் காட்டி "குரூப்பிங் எப்படி சார்?" என்றேன். ஹவில்தார் மற்ற இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு, "இது யார் சுட்டது, உங்க அப்பாவா?" என்றார். இன்று மூன்று குண்டு தொட்ட காகிதத்தைப் படம்பிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் அந்தப் பென்சில் ஞாபகம் வருகிறது.

குப்பையா என்று கேட்டீர்கள். இல்லை. புழுதிக்கு எக்ஸ்எம்8-தான் மேல் என்று அந்தச் சோதனை சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அது எந்தப் போரையும் பார்க்கவில்லை, 2005-லேயே திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை எம்4-க்கும் ஏகே-க்கும்தான் தருவேன்.

மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். முப்பது கொள்ளும் மேகசினில் அவர் முப்பதும் போடுவாரா, மேகசின் தகராறுக்குப் பயந்து இருபத்தெட்டோடு நிறுத்துவாரா?