பின்னால் என்ஜின், முன்னால் சாவி: பழைய கோம்பி வேன் கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். அம்பாசிடரும் டிராக்டரும்தான் எனக்குச் சோறு போட்டவை. எப்போதோ ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன் பட்டறைக்கு வந்தது. அதை ஓட வைத்து அனுப்பிய நாளிலிருந்து அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். டெல்டாவில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது வேறு விஷயம். 12 வோல்ட், டைனமோ, பாயிண்ட் (பொறி விழக் காயில் கரண்டைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த 1600 சிசி வண்டியை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். 1967 மாடலுக்கு முந்தைய வண்டி என்றால் 6 வோல்ட். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. காயில், கண்டன்சர், பாயிண்ட், பிளக் நாலும் புதுசு. இன்னும் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதே தம்பி. ஒரு 12 வோல்ட் வண்டி பல்பில் இரண்டு வயர் கட்டி ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள். ஒரு வயரை என்ஜினில் துரு இல்லாத இரும்பில் வை. சாவியை ஆன் செய்து, இன்னொரு வயரை, பிளக் பொறிக்கு வோல்ட் ஏற்றிக் கொடுக்கும் காயிலில் 15 என்று போட்டிருக்கும் முனையில் தொடு. பல்ப் எரியவில்லையா? அப்படியானால் கரண்ட் காயிலுக்கே வரவில்லை. புதுக் காயில் என்ன செய்யும்? சாவி ஸ்விட்சிலிருந்து பின்பக்கம் வரும் வயரைத் தேடு.

எரிந்தால், அடுத்து 1 என்ற முனையில் தொட்டுக்கொண்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல். பல்ப் விட்டுவிட்டு மின்ன வேண்டும். மின்னாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தால் பாயிண்ட் மூடியும் கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ பாயிண்டுக்குப் போகும் சின்ன வயரோ எங்கேயோ பாடியில் இடிக்கிறது. காயிலுக்குள்ளேயே சுற்று அறுந்திருந்தாலும் எரியாது.

நீ எழுதியதைப் பார்த்தால் எனக்குப் பாயிண்ட் மேல்தான் சந்தேகம். புதுப் பாயிண்டில் துருப் பிடிக்காமல் இருக்க மெல்லிசாக எண்ணெய் தடவி அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கரண்டைத் தடுக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, மஞ்சள் தடவாத ஓரமாகக் கிழித்து, பாயிண்ட் மூடியிருக்கும்போது நடுவே விட்டு இரண்டு மூன்று தடவை இழு. அட்டையில் கறுப்பாகக் கோடு விழும். கோடு விழாமல் வெள்ளையாக வரும்வரை இழுத்துவிட்டு, அப்புறம் கேப்பை, அதாவது பாயிண்ட் திறக்கும் இடைவெளியை, 0.4 மில்லிமீட்டருக்கு வை. ரோட்டார் அடியில் இருக்கும் கேம் மேடு பாயிண்டை முழுசாகத் திறந்திருக்கும் இடத்தில் நின்றுதான் ஃபீலர் கேஜ் தகட்டை விட வேண்டும்.

திருவாரூரிலிருந்து: அண்ணா, வேளாங்கண்ணி போய்த் திரும்பும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி நன்றாக இருந்ததால் டிரைவர் பத்து கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். சரிதானே?

இல்லைம்மா. சில வண்டியில் சார்ஜ் விளக்கு எரிந்தால் பேட்டரியை நம்பி வீடு வந்துவிடலாம். இந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் காற்றையும் அடிக்கிறது. டைனமோ ஷாஃப்டின் மறு முனையில்தான் என்ஜினைக் குளிர வைக்கும் ஃபேன் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் விளக்கு எரியும், கூடவே ஃபேனும் நின்றுவிடும். பத்து கிலோமீட்டர் என்பது என்ஜினைக் கழற்றி இறக்கும் செலவு. விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டி, பின்கதவைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பிழைத்தது உங்கள் நேர்த்தி பலன்.

பெல்ட் முழுசாக இருந்து, விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் பெல்ட் மேல் தப்பில்லை. டைனமோவையோ, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டையோ பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோவில் இருக்கும் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, டிஎஃப் முனையை டைனமோ உடம்போடு இணையுங்கள். பேட்டரி பிளஸ்ஸை டி பிளஸ் முனையிலும் மைனஸை உடம்பிலும் சில நொடி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். டைனமோ மோட்டார் போல நிதானமாகச் சுற்றினால் அது நல்ல டைனமோ, குறை கட்அவுட்டிலோ வயரிலோ. சுற்றவில்லை என்றால் முதலில் கார்பன் பிரஷ். நெடுநாள் நின்ற வண்டியில் காந்தம் செத்துப்போய்ச் சார்ஜ் ஏறாமல் இருந்தால், இந்தச் சோதனையிலேயே சில சமயம் உயிர் வந்துவிடும். எல்லாம் மாட்டி ஓட விட்டுப் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட் பக்கமாகக் காட்ட வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து: கஜா புயலில் நனைந்த வண்டி. லைட், ஹாரன், வைப்பர் எது எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் தட்டினால் வந்துவிடுகிறது.

தட்டினால் வருகிறது என்று நீங்களே விடையையும் எழுதிவிட்டீர்கள். இதில் இருப்பவை பீங்கான் உடம்பில் உலோகப் பட்டை ஓடும் ஃபியூஸ்கள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. இரண்டு கூர் முனையும் வெறும் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அங்கே பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸையும் எடுக்காமலேயே விரலால் நாலு சுற்றுத் திருகிப் பாருங்கள், பாதி வியாதி அங்கேயே போகும். அப்புறம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நைசான உப்புத்தாளால் முனைகளையும் பிடிப்புகளையும் தேய்த்து, துளி வாசலைன் வையுங்கள். பிடிப்பு தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் மெதுவாக உள்ளே வளைக்கவும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சிகரெட் அட்டையில் வரும் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவது. அப்படிச் சுற்றிய ஒரு வண்டியின் வயரிங்கை நான் கரிக்கட்டையாகப் பார்த்திருக்கிறேன்.

குத்தாலத்திலிருந்து: சிரிக்காதீர்கள் ஐயா. செல்ஃப் அடித்தால் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றுகிறது, ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறது!

சிரிக்கவில்லை, இது எனக்குப் பிடித்த கேஸ். என்ஜினும் கியர் பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பாடியோடு சேர்ப்பது கியர் பாக்ஸ் மூக்கில் இருக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான். அது இற்றுப்போனால் செல்ஃப் மோட்டாரின் அத்தனை கரண்டும் வேறு வழி தேடும். கிடைத்த வழி உங்கள் ஆக்ஸிலரேட்டர் கேபிள்! ஜம்பர் கேபிள் ஒன்றை என்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி மைனஸுக்குப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். துள்ளிக்கொண்டு சுற்றினால் பட்டையை மாற்றுங்கள். மாட்டும் இடத்தில் பெயின்ட்டையும் வயல் சேற்றையும் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகே போல்ட் போடவும். கேபிளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், உள்ளே கருகியிருக்கும்.

பாபநாசத்திலிருந்து: காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட். டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேட்டரி பின்னால், செல்ஃப் பின்னால், சாவி மட்டும் முன்னால். கரண்ட் வண்டியின் நீளம் முழுக்க முன்னே போய், தேய்ந்த ஸ்விட்ச் வழியாக மறுபடி பின்னே வந்து, செல்ஃப் மேல் இருக்கும் சோலனாய்டு ஸ்விட்சை இழுக்க வேண்டும். என்ஜின் சூட்டில் சோலனாய்டுக்குக் கூடுதல் வோல்ட் வேண்டியிருக்கும்போது வழியிலேயே வோல்ட் கரைந்துவிடும். சூடாக இருக்கும்போது சோலனாய்டின் 50 என்ற முனையில் மீட்டர் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பேட்டரி முனையில் காட்டுவதைவிட இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால் செல்ஃப் பக்கத்திலேயே ஒரு 30 ஆம்பியர் ரிலே போடுங்கள். சாவியிலிருந்து வரும் வயர் ரிலேயை மட்டும் இழுக்கட்டும். செல்ஃபில் பேட்டரி வயர் வந்து சேரும் 30 முனையிலிருந்து ரிலே வழியாகத் தடி வயர் சோலனாய்டை இழுக்கட்டும். ஹாரன் ரிலேயே போதும்.

திருவையாற்றிலிருந்து: ஓடும்போது சரி. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரா?

இல்லை. கார்புரேட்டரில், வண்டி நின்று ஓடும்போது பெட்ரோலைத் திறந்துவிடும் ஒரு சின்ன சோலனாய்டு இருக்கும், அதற்கும் காயில் 15 முனையிலிருந்தே கரண்ட். வயர் கழன்றிருக்கும். சாவி ஆன் செய்து வயரைத் தொட்டு எடுத்தால் 'டக்' என்று கேட்க வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து: ஐப்பசி மழை பிடித்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறது.

இருட்டிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினைப் பின்கதவு திறந்து பாருங்கள். கை வைக்காமல் பாருங்கள். பிளக் வயர்களின் மேல் நீலமாகப் பொறி ஓடுவது திருவிழா மாதிரி தெரியும். என்ஜினை அணைத்துவிட்டு, பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பென்சில் கோடு போலக் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடி மாற்ற வேண்டும். வயரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டவும். மொத்தமாகப் பிடுங்கிவிட்டு முழிப்பவர்களுக்காக: பொறி விழும் சிலிண்டர் வரிசை 1-4-3-2, ரோட்டார் கடிகார முள் சுற்றும் திசை. அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் வண்டிக்குள் குடிவரும், கடித்த வயரும் இதே போல மிஸ்ஸிங் காட்டும்.

தஞ்சாவூரிலிருந்து: மேம்பாலம் ஏறினால் இழுக்கவில்லை. டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளலாமா?

நம் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தானே! ஆனால் காதால் கேட்டு டைமிங் தள்ளாதீர்கள். காற்றில் குளிரும் என்ஜினில் அதிகமாக முன்னால் போனால் சத்தமே கேட்காமல் பிஸ்டன் போய்விடும். பழைய என்ஜினில் ஆயில் கூலர் காற்றை மறிப்பதால் மூன்றாம் சிலிண்டர் ஏற்கெனவே கூடுதல் சூட்டில் இருக்கிறது. முதலில் பாயிண்ட் கேப். கேப் மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு, வேக்குவம் இல்லாத 009 டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ஐடிலில் 7.5 டிகிரி, 3000 ஆர்பிஎம்முக்கு மேல் 28 முதல் 32 டிகிரிக்குள். டைமிங் லைட் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து: பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம், நல்லதுதான். சாவியை ஆன் செய்துவிட்டு என்ஜின் ஓடாமல் பாட்டுக் கேட்டால், பாயிண்டுக்குப் பதில் வரும் எலக்ட்ரானிக் மாடியூல் எரிந்துபோகலாம், அது ஞாபகம் இருக்கட்டும். நான் பாயிண்ட் கட்சி. ராத்திரி பூம்புகார் ரோட்டில் வண்டி நின்றால் பாயிண்டுக்குக் கல்யாணப் பத்திரிகை போதும், மாடியூலுக்கு என்ன செய்வது?

மன்னார்குடியிலிருந்து மறுபடியும்: அண்ணே, அட்டையை விட்டு இழுத்தேன், கன்னங்கறுப்பாகக் கோடு விழுந்தது. அடுத்த செல்ஃபில் ஸ்டார்ட். கழற்றிப் போட்ட பழைய காயிலை என்ன செய்ய?

அது நல்ல காயில்தான் தம்பி. துணியில் சுற்றி வண்டியிலேயே வை.