தண்ணீருக்காகக் காத்திருக்கும் நான்கு அறைகள்: கேள்வி பதில்

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாட்கள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் வயலுக்குள் பாயும் சின்னக் கன்னியாகி, கடைமடைக்கு வந்துசேரும்வரை அங்குள்ளவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத்தான் நாகை மாவட்டத்தில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள், பார்வையாளர் உள்ளே நடந்து அனுபவிக்கும் நிறுவல் கலையாக (இன்ஸ்டலேஷன்), நான்கு அறைகளாக அமைத்தோம். ஓவியம், ஒலிப்பதிவு, தச்சு, மின்வேலை, நாடகம் என்று பல பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குழு. எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நேரில் பார்க்க முடியவில்லை. உள்ளே என்னதான் இருந்தது? (சேலத்திலிருந்து)

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு இடத்தில் மடங்கும் இருட்டு நடை வழியாக உள்ளே வரவேண்டும். முதல் அறையில் வெடித்த களிமண் தரை, அதில் பழைய நெல்தாள். இரண்டாவதில் டீக்கடை பெஞ்சுகள். உட்கார்ந்தால் பலகைக்கு அடியிலிருந்து பேச்சு கேட்கும்: “தண்ணி எங்க வந்திருக்கு?”, “மணல்மேடு தாண்டிருச்சாம்”. மூன்றாவதில் ஒலி மட்டும். நான்காவதில் கணுக்கால் அளவு தண்ணீர்.

அந்தக் கடைசி அறையில் கூரையெங்கும் அலை ஆடியதைப் பலர் புரொஜெக்டர் என்றே நினைத்தார்கள். இல்லை. கறுப்புத் தார்ப்பாய் விரித்துத் தேக்கிய தண்ணீர்மேல் ஒரே ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்திருந்தோம். மேலிருந்து சொட்டும் ஒரு குழாய், உள்ளே நடப்பவர்களின் கால், இவை இரண்டும்தான் அலையை எழுப்பின. யாரும் நடக்காவிட்டால் கூரையும் கிட்டத்தட்ட அசையாது.

எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பறையைத் தருகிறார்கள். எத்தனை லூமன் புரொஜெக்டர் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன்னால் அறையின் நீளத்தை அளந்து பாருங்கள். சாதாரண புரொஜெக்டரின் எறிவு விகிதம், அதாவது திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 1.5. மூன்று மீட்டர் அகலப் படம் வேண்டுமென்றால் நாலரை மீட்டர் தள்ளி வைக்கவேண்டும். வகுப்பறையில் அவ்வளவு தள்ளி வைத்தால் நடுவில் நடப்பவர்களின் நிழல் சுவரில் விழும். விழுந்த நொடியே அனுபவம் போய்விடும். குறைந்த தூரத்திலேயே படம் விழும் வகையோ, திரைக்குப் பின்னாலிருந்து அடிப்பதோதான் வழி.

என்னைக் கேட்டால் முதல் செலவு கறுப்புத் துணிக்குத்தான். ஜன்னல் இடுக்கு, கதவின் அடி, ஓட்டை விழுந்த ஓடு எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் சின்ன விளக்கும் பெரிதாகத் தெரியும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வெயிலிலிருந்து வருபவரை நேராக அறைக்குள் விட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் நடை மடங்கி மடங்கி வந்ததற்குக் காரணம் அதுதான்.

குழுவில் எல்லோருமே கலைஞர்கள் என்றால் முடிவு எடுப்பது யார்? எங்கள் குழு இதிலேயே உடைந்துவிட்டது. (மதுரையிலிருந்து)

மற்ற எந்தக் கேள்வியையும்விட இது எனக்கு முக்கியம். அறைக்கு ஒருவர் என்று பொறுப்பு வைத்துக்கொண்டோம். அந்த அறைக்குள் அவர் சொன்னதே முடிவு. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் இடங்களை மட்டும் நாடகத்திலிருந்து வந்த தோழி பார்த்துக்கொண்டார். பார்வையாளர் எங்கே நிற்பார், எப்போது திரும்புவார் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சண்டை வந்தபோதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: உள்ளே நிற்பவர் தண்ணீருக்குக் காத்திருக்கிறாரா, நம் வேலையை வேடிக்கை பார்க்கிறாரா? மூன்றாவது அறையில் சுவர் முழுக்க ஓர் ஓவியம் இருந்தது. மதகு, நாணல், கொக்கு எல்லாம் கொண்ட மிக அழகான வேலை. ஒத்திகையில் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் நேராக அதன்முன் போய் நின்றார்கள். ஒலியை யாரும் கேட்கவில்லை. வரைந்தவரே அறைக்குள் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, அதைத் துணியால் மூடச் சொன்னார். அந்தக் குழுவில் நான் பார்த்த மிகப் பெரிய கலைச்செயல் அது. நிறுவலில் ஒவ்வொருவர் திறமையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தால் அது கண்காட்சி ஆகிவிடுகிறது. உங்கள் குழு மறுபடி சேர்வதாக இருந்தால், வேலையைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகிறது. என்ன செய்வது, சார்?

(அக்கா என்றே கூப்பிடலாம்.) கீச்சொலிகளைச் சாக்கும் கனமான துணியும் ஓரளவு உறிஞ்சும். அடித்தொனி (பேஸ்) துணிக்கெல்லாம் கட்டுப்படாது. சுவரையே தாண்டிவரும். நாங்கள் அதைத் தடுக்காமல் பயன்படுத்திக்கொண்டோம். கடைசி அறையின் நீரொலி முதல் அறையிலேயே மிக மெலிதாகக் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மனிதர்கள் அதைத் தேடி நடந்தார்கள்.

விவசாயிகள் இதில் பங்கெடுத்தார்களா, வெறும் கருப்பொருள்தானா?

நியாயமான கேள்வி. இரண்டாவது அறையின் குரல்கள் அவர்களுடையவை. சம்மதம் கேட்டுப் பதிவு செய்து, போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கினோம். மூன்றாவது அறையை வடிவமைத்ததே ஒரு வகையில் அவர்கள்தான். “தண்ணி சத்தம் முதல்ல வராதும்மா. சருகு நகர்ற சத்தம்தான் வரும்” என்றார் ஒரு பாட்டி. காய்ந்த வாய்க்காலில் முன்னே வரும் தண்ணீர் நுரையும் குப்பையுமாகச் சருகைத் தள்ளிக்கொண்டே வரும். அதைப் பதிவு செய்ய எங்கள் ஒலிப்பதிவாளர் வாய்க்கால் கரையில் இரவெல்லாம் கிடந்தார். மூன்றாவது அறையில் நீங்கள் கேட்டிருக்கக்கூடியது சருகு மட்டும்தான்.

உள்ளே தென்னங்கீற்றால் குடிசை மாதிரி அமைக்கலாமா?

மூடிய அறைக்குள், விளக்குக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். 2004இல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகளை இழந்தோம். கலை என்பதற்காக நெருப்பு விலகிப் போகாது. 2016இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் கலைஞர்கள் வசித்த ஒரு கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். இருட்டறை என்றால் இரண்டு வெளிவழி, அணையாத வழிகாட்டி விளக்கு, உள்ளே எப்போதும் குழுவில் ஒருவர். இவை இல்லாமல் திறக்காதீர்கள். தண்ணீர் இருந்தால் அதில் நிற்பவர் கைக்கு எட்டக்கூடிய விளக்கெல்லாம் 12 வோல்ட், ஒயர் எல்லாம் தலைக்கு மேலே, மெயினில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச்.

இந்த மாதிரி வேலைகளைப் பார்த்துக் கற்க எங்கே போகலாம்?

பக்கத்தில் என்றால் கொச்சி. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி. 2016 பதிப்பில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா அங்குள்ள ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய கட்டிடத்தில் ஒரு கூடம் முழுக்கக் கடல்நீரைத் தேக்கினார். சுவரில் இருந்த வரிகளைப் படிக்க அதற்குள் இறங்கி நடக்கவேண்டும். அகதிகளாகக் கடலில் இறந்தவர்களுக்கான வேலை அது. நம் கால் நனையும்போது அந்த வரிகள் வேறாகிவிடுகின்றன.

வேலை தேடும்போது இதை எப்படிக் காட்டுவது? குழு வேலையில் என் பங்கு எது என்று கேட்கிறார்களே.

புகைப்படம் மட்டும் போதாது. அறையின் வரைபடம், ஒத்திகைக் குறிப்புகள், நீங்கள் செய்த ஒரு முடிவு, அதன் காரணம் ஆகியவற்றைச் சேருங்கள். கைவிட்டவற்றையும் காட்டுங்கள். எங்கள் ஓவியர் மூடிய சுவரின் படத்தைத்தான் தன் தொகுப்பில் முதலில் வைத்திருக்கிறார். பெயர்ப் பலகையை அகரவரிசையில், செய்த வேலையோடு எழுதிவிடுங்கள். தச்சர், எலக்ட்ரீசியன், குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் அதே எழுத்தளவில். அதைத் திறப்பு நாளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பிறகு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.