பூசணி சாப்பிட்டும் பசிக்கிறதே?

ஐயா, வணக்கம்.

சைவச் சாப்பாட்டில் பட்டர்நட், கபோச்சா போன்ற கெட்டித்தோல் பூசணிகளை அடிக்கடி சேர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வாரம் ஒன்று வாங்குகிறேன். ஆனால் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பட்டர்நட்டை இரண்டாகப் பிளந்து ஓவனில் சுட்டு இரவுச் சாப்பாடாக வைத்தால், படுப்பதற்குள் எல்லோருக்கும் பசிக்கிறது. மகன் தித்திக்கிறது என்று தள்ளி வைக்கிறான். தோல் சீவுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது, மீதிப் பாதி குளிர்பெட்டியில் கிடந்து அழுகிப் போகிறது. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. முதலில் பசி.

100 கிராம் பட்டர்நட்டில் சுமார் 45 கலோரி, புரதம் 1 கிராம். அதே அளவு சோற்றில் 130 கலோரி. ஒருவர் 300 கிராம் பூசணி சாப்பிட்டாலும் உடம்புக்குப் போவது 135 கலோரியும் 3 கிராம் புரதமும்தான். பெரும்பகுதி நீர். அப்போதைக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், தாங்காது. சைவச் சமையலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் கறி இருந்த இடத்தில் பூசணியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். முழுப் பூசணியைக் குடைந்து உள்ளே எதையாவது அடைத்து மேசை நடுவில் வைப்பது ஒருநாள் விருந்துக்குச் சரி. அன்றாடத்துக்கு அது ஆகாது. சாப்பாட்டைத் தாங்கும் வேலையைப் பருப்பிடமும் பயறிடமும் கொடுத்துவிட்டுப் பூசணியைக் கூடவே போடுங்கள். நான் சொல்ல விரும்புவது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

பூசணியை முதலில் வளர்த்தவர்களும் இப்படித்தான் சாப்பிட்டார்கள். அமெரிக்கக் கண்டம் அதன் தாய்வீடு. மெக்ஸிகோவின் ஒஹாகா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. அங்கே மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கும் வழக்கம் பரவியது. வடக்கே ஹோடெனோசோனி என்ற பழங்குடி மக்கள் அந்த மூன்றையும் ‘மூன்று சகோதரிகள்’ என்றார்கள். பீன்ஸ் கொடி பற்றிக்கொள்ளச் சோளத்தட்டை, நிலத்தை மூடப் பூசணி இலை, புரதத்துக்கு பீன்ஸ். வயலில் ஒன்றாக இருந்தவை பானையிலும் ஒன்றாகவே வெந்தன.

நாலு பேருக்கு 200 கிராம் மசூர் பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 12 கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். பருப்பு பாதி வெந்ததும் 2 சென்டிமீட்டர் அளவில் நறுக்கிய பூசணி 400 கிராமைச் சேர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகும். கொண்டைக்கடலை, ராஜ்மா என்றால் அவற்றை நன்றாக மசிய வேகவிட்ட பிறகுதான் பூசணி. முதலிலேயே போட்டால் கடலை வேகுமுன் பூசணி கரைந்து காணாமல் போய்விடும். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒழுங்காக ஒட்டும்.

தித்திப்புக்கு வருகிறேன். உங்கள் மகன் சொல்வது நியாயம். வேறு சுவை எதுவும் எதிரே நிற்காவிட்டால் பூசணியின் இனிப்பு திகட்டத்தான் செய்யும். அதோடு தேனும் பட்டையும் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைத் தயவுசெய்து ஒதுக்கிவையுங்கள். உப்பு, காரம், புளிப்பு மூன்றும் தாராளமாக வேண்டும். இதில் புளிப்பை எப்போது சேர்க்கிறோம் என்பது முக்கியம். காய்கறியின் செல்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. துண்டு உடையாமல் நிற்க வேண்டுமா, தக்காளியோ புளித்தண்ணீரோ பூசணியோடு தொடக்கத்திலேயே போடுங்கள். மசிந்து குழம்போடு கலக்க வேண்டுமா, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பருப்புக்கும் இதே விதி என்பதால், பருப்போடு சேர்த்து வேகவிடும்போது புளிப்பைக் கடைசிக்குத் தள்ளுவதே நல்லது.

வறுவலாகச் செய்து கொடுத்தும் பாருங்கள். குழைந்த பூசணியை வேண்டாம் என்கிற பிள்ளைகள் பலர் இதைச் சாப்பிடுவார்கள். ஓவனை 200 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடேற்றி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசிறிய துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்தால் அவற்றிலிருந்து வரும் ஆவியிலேயே அவை அவிந்துவிடும். முதல் 20 நிமிடம் கிளறவே கூடாது. பிறகு ஒரு துண்டைக் கரண்டி நுனியால் தள்ளிப் பாருங்கள். பதமாக இருந்தால் தட்டில் ஒட்டாமல் தானே பெயர்ந்து வரும். அடிப்பக்கம் காப்பி நிறத்தில் இருக்கும், விளிம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும். அந்த விளிம்பில் உள்ள இலேசான கசப்புதான் இனிப்பைச் சமன் செய்கிறது. திருப்பிப் போட்டு இன்னும் 10, 15 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். இறக்கியதும் வேகவைத்த கடலையோடு கலந்து எலுமிச்சை பிழிந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

இனி வெட்டுவது. பட்டர்நட்டை நெடுக்காகப் பிளக்கப் போராட வேண்டாம். கழுத்து முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு. கழுத்துப் பகுதியில் விதை இல்லை, முழுக்கச் சதை. அதை நிற்க வைத்து மேலிருந்து கீழாகத் தோல் சீவினால் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கலாம். வயிற்றுப் பகுதியைச் சீவவே வேண்டாம். இரண்டாக்கி, விதையை வழித்துவிட்டு, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஓவனில் வையுங்கள். 40 நிமிடத்துக்குப் பிறகு சதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அந்த மசியல் சூப்புக்கு, பருப்புக்கு, ரொட்டி மாவில் பிசைய என்று எதற்கும் ஆகும். பச்சைப் பட்டர்நட்டின் பால் பட்டுச் சிலருக்குக் கைத்தோல் இறுகி உரியும். உங்களுக்கும் அப்படியானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கபோச்சாவுக்குத் தோல் சீவும் வேலையே இல்லை, வெந்ததும் தோலோடு சாப்பிடலாம்.

அழுகுவதைத் தடுக்க, வாங்கிய வாரமே வெட்டியாக வேண்டும் என்ற அவசரத்தை விடுங்கள். காம்பு முழுசாக இருக்கிற, நகத்தால் கீறினால் பதியாத பட்டர்நட், 10 முதல் 15 டிகிரி வரையுள்ள உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் கெடாமல் இருக்கும். முழுக்காயைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அந்தக் குளிர் அதற்கு ஆகாது. வெட்டிவிட்டால் விதையும் நாரும்தான் முதலில் கெடும், அவற்றை எடுத்துவிட்டு மூடி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதற்குள் சமைக்க முடியாது என்று தெரிந்தால் மசியலாக்கி ஃப்ரீசரில் போடுங்கள். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தெடுங்கள். புரதம் குறைந்த இந்தக் காயில் அது நிறைய இருப்பது விதையில்தான், அதைத் தூக்கி எறிவது எனக்குப் பொறுக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் உடனே துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அது குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரைக்கும் கொண்டுபோகும். கடையில் வாங்கும் காயில் இது அபூர்வம். தோட்டத்தில் அலங்காரப் பூசணிக்குப் பக்கத்தில் வளர்ந்த காயின் விதையைச் சேமித்து மறுபடி விதைத்தவர்கள், அதில் காய்க்கும் முதல் காயையே இப்படிப் பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்.